ஊர், பெயர், எண்

அந்தச் சீட்டில் முகவரி தமிழில் எழுதியிருந்தது.

1997 மே மாதம். தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் என் சித்தப்பா எஸ்டிடி பூத் வைத்திருந்தார். சின்ன வயதில் போலியோவால் ஒரு கால் சூம்பிப்போனவர். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. கல்லூரி விடுமுறையில் சாயங்காலங்களில் நான் போய் உட்காருவேன். அந்த வருஷம்தான் சித்தப்பா துணிந்து ஒரு பழைய கணினியும் மோடமும் வாங்கிப் போட்டு, விஎஸ்என்எல்லில் ஒரு கணக்கும் எடுத்திருந்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி. எங்கள் கணக்கில் படம் எதுவும் வராது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். பைன் என்ற மென்பொருளில் மின்னஞ்சல் அடித்து அனுப்புவோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.

சீட்டைக் கொண்டுவந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். "பாப்பா, எம்பையனுக்கு இதுல ஒரு லெட்டர் போடணும். அவசரம்" என்றார். மகனுக்கு வீட்டு முகவரிக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி. அன்று திங்கள். மகன் தங்கியிருந்த விடுதியில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவனே எங்கிருந்தாவது கூப்பிட்டால்தான் பேச்சு. போன ஞாயிறு அவன் ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியைச் சொல்ல, இவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்போதைய விஎஸ்என்எல் முகவரிகள் ஒழுங்கானவை. ஆளின் பெயர், அட் குறி, அப்புறம் ஜியாஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்தில் சேவையின் சுருக்கம். அதை ஒட்டி ஊருக்கு இரண்டு எழுத்து. எம்டி என்றால் மெட்ராஸ், டிஎல் டெல்லி, பிஎம் பம்பாய், பிஎன் புனே. பிறகு சுழியமும் ஒன்றும். அதன்பின் புள்ளி வைத்து விஎஸ்என்எல், நெட், இன். சீட்டில் 'ஜியாஸ் பிஎம் 01' என்று இருந்தது. பம்பாய் என்று எடுத்துக்கொண்டு அடித்தேன். அஞ்சல் திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். எட்டு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு பதில் வந்தது. பம்பாயிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர். நான்கு நாள் வெளியூர் போயிருந்ததாகவும், இந்தக் கடிதம் தனக்கானதில்லை என்றும், முக்கியமான விஷயம் போலிருப்பதால் உடனே எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். பையன் இருந்தது புனேயில். அதே பயனர் பெயர் பம்பாயிலும் ஒருவருக்கு இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஊருக்கும் முதல் எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'தான். மிஞ்சும் ஒரே வித்தியாசம் எம்மும் என்னும். இரைச்சலுள்ள வெளியூர் லைனில் அந்த இரண்டையும் பிரித்துக் கேட்க யாராலும் முடியாது.

சனிக்கிழமை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "உன்மேல தப்பில்ல பாப்பா. நான்தான் சரியா எழுதிக்கல" என்றார். தப்பு என்னுடையதுதான். சித்தப்பாவின் பூத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடமே, யார் நம்பர் சீட்டை நீட்டினாலும் முதலில் ஊரைக் கேட்க வேண்டும் என்பது. சுவரில் மாட்டியிருந்த எஸ்டிடி குறியீட்டுப் பலகை அப்படித்தான் இருந்தது. கோயம்புத்தூர் 0422, திருச்சி 0431, மதுரை 0452, நாகர்கோவில் 04652. ஊர்ப் பெயர் இடது பக்கம், எண் வலது பக்கம். ஊர் இல்லாமல் எண்ணை மட்டும் அந்தப் பலகையில் பார்க்கவே முடியாது. "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் சித்தப்பா சீட்டைக் கையில் வாங்குவார். கணினி வந்ததும் அது வேறு உலகம் என்று நினைத்து, அந்த ஒரு கேள்வியை நான் விட்டுவிட்டேன். பையன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டிருந்தால் போதும்.

வலை முகவரிகளை மனிதர்களுக்காக எப்படி எழுதி வைப்பது என்பதில் எனக்கு இத்தனை வருஷமாக ஒரு பிடிவாதம் உண்டு. அது அன்றைக்குத் தொடங்கியது.

தொடங்கியதே தவிர, கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. படிப்பு முடிந்து 1999இல் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். தென்மாவட்டங்கள் முழுக்க அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணினி. தினமும் இரவு எட்டு மணிக்குமேல் சென்னையிலிருந்து ஒவ்வொரு கிளையின் முகவரியையும் தட்டச்சு செய்து அன்றைய புக்கிங் கணக்கை இழுத்து வாங்க வேண்டும். முகவரிகள் 192.168 என்று தொடங்கும். மூன்றாவது எண் கிளையைக் குறிக்கும். நான்காவது எல்லா ஊருக்கும் 5. எனக்கு முன்னால் இருந்தவர் இவற்றை ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். அடித்தல் திருத்தல்கள், எண்ணெய்க் கறை, ஓரத்தில் யாருடைய போன் நம்பரோ.

2000 மார்ச் கடைசி வாரம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். புதிதாக இரண்டு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வசதிக்காக நோட்டைப் பார்த்து ஒரு பட்டியல் அடித்தேன். எண்கள் ஏறுக்கு மாறாக நின்றது கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் மூன்று இலக்கமாக்கி, முன்னால் சுழியம் சேர்த்து நேராக்கினேன். முதல் கிளை 192.168.001.005. பத்தாவது கிளை 192.168.010.005. அச்செடுத்துப் பார்த்தபோது ராணுவ அணிவகுப்பு மாதிரி இருந்தது. சுவரில் ஒட்டினேன்.

அன்றிரவு முதல் ஏழு கிளைகள் ஒழுங்காக வந்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் வரவில்லை. அப்படி ஒரு கணினியே இல்லை என்றது திரை. லைன் பழுது என்று நினைத்துப் புகார் பதிவு செய்துவிட்டு அடுத்த கிளைக்குப் போனார்கள். பத்தாவது நாகர்கோவில். வந்தது. பதினொன்று வந்தது. பன்னிரண்டு வந்தது. மூன்று இரவுகள் இப்படியே ஓடின. மார்ச் 31 இரவு, கணக்குப் பிரிவில் ஒரு அக்கா ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "நாகர்கோவில்ல புக் பண்ணுன சரக்குல எதுக்கும்மா முக்காவாசி உப்பும் கருவாடுமா இருக்கு?"

அது தூத்துக்குடியின் கணக்கு. தூத்துக்குடி எட்டாவது கிளை.

காரணம் புரிய விடியற்காலை மூன்று மணி ஆயிற்று. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணின் முன்னால் சுழியம் இருந்தால், அதை எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் படிக்க வேண்டும். வலை முகவரியைப் படிக்கும் பழைய நிரல்களிலும் அதே வழக்கம் ஒட்டிக்கொண்டது. அதனால் 010 என்றால் கணினிக்குப் பத்தில்லை, எட்டு. 012 என்றால் பத்து. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. எனவே 008ஐயும் 009ஐயும் அது எண் என்றே ஏற்றுக்கொள்ளாமல், ஏதோ பெயர் என்று நினைத்துத் தேடிப் பார்த்துக் கைவிட்டது. 001 முதல் 007 வரை இரண்டு முறையிலும் ஒரே மதிப்பு. அந்த ஏழும் ஒழுங்காக வந்ததுதான் எங்களை நம்ப வைத்தது. எல்லாக் கிளைக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால் தவறான கணினியும் கேள்வி கேட்காமல் கதவைத் திறந்துவிட்டது. ஆண்டு முடிவில் மூன்று நாள் கணக்கு முழுக்கக் கிளை மாறிக் கிடந்தது. ஏப்ரல் முதல் வாரம் நானும் அந்த அக்காவும் இரவு பதினொரு மணிக்குக் கடைசி மின்ரயில்களைப் பிடித்து வீடு போனோம்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தச் சுழியம் சாகவில்லை. 2021இல்தான் பைத்தான் மொழியின் 3.9.5 பதிப்பில், முன்சுழியம் உள்ள முகவரிகளை ஏற்கவே மாட்டேன் என்று திருத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நாகர்கோவிலும் கருவாடும் நினைவுக்கு வந்தன. மறுப்பதுதான் சரி. எட்டா பத்தா என்ற ஐயம் வரக்கூடிய ஓர் எழுத்துமுறையைக் கணினி ஊகித்து முடிக்கக் கூடாது. முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

கணக்கு மாறிப்போன அந்த 2000ஆம் ஆண்டுக் கோடையில் எனக்கு ஒரு வெறி வந்தது. முகவரிப் பட்டியல் என்ற ஒன்றை உலகில் முதலில் யார் போட்டார்கள், அவர்கள் இப்படியெல்லாம் பட்டார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஆர்எஃப்சி குறிப்புகள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தன. பழையவற்றை இறக்கி, டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் எடுத்து, ரயிலில் படித்தேன்.

பட்டிருக்கிறார்கள். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணினிகள் சில பத்துகள்தான் இருந்த காலம். ஒரே கணினிக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு செல்லப்பெயர். பெயர்களையாவது ஒன்றாக்குவோம் என்று 1971இல் பெக்கி கார்ப் என்ற பெண்மணி 226ஆம் குறிப்பில் எழுதினார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் எழுதிய 606ஆம் குறிப்பில் எரிச்சலே தெரிகிறது. ஒவ்வோர் இடத்தாரும் தனித்தனியாக ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதுவும் பழசாகிப்போன பட்டியலை வைத்துக்கொண்டு திண்டாடுவது அபத்தம், ஒரே பட்டியலை ஓரிடத்தில் வைத்து எல்லாரும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம் என்கிறார்.

அந்த ஓரிடம் கலிபோர்னியாவில் மென்லோ பார்க். அங்கே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் வலைத் தகவல் மையத்தை எலிசபெத் ஃபைன்லர் நடத்தினார். வேதியியல் படித்தவர். வேதியியல் தகவல்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் வேலையிலிருந்து இங்கே வந்தவர். புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் அலுவலக நேரத்தில் அவருடைய குழுவைப் போனில் கூப்பிட வேண்டும். அவர்கள் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். எல்லாக் கணினிகளும் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளும். அந்த வரியின் அமைப்பைப் பார்த்துத்தான் நான் மலைத்துப்போனேன். எண், பெயர், மாற்றுப்பெயர்கள், அது என்ன வகைக் கணினி, என்ன இயக்குதளம், அங்கே என்னென்ன சேவை கிடைக்கும். போய்க் கதவைத் தட்டுபவருக்கு உள்ளே யார் இருப்பார்கள் என்பது வரை சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் தரப்பில் நின்று யோசித்த பெண்ணால்தான் அப்படி ஒரு வரியைப் பராமரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

கணினிகள் பெருகியபோது ஒரே கோப்பால் தாங்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை வந்தது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் வேலை உலகெங்கும் பங்கிடப்பட்டது. பெயர் மனிதனுக்கு, எண் இயந்திரத்துக்கு.

இந்தப் பிரிவினையை எங்கள் மேலாளருக்குப் புரியவைக்க நான் தோற்றுப்போனேன். சரக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ள 2002இல் ஒரு தளம் தொடங்கினோம். பெயர் பதிவு செய்து கைக்கு வருவதற்குள் எல்ஆர் என்ற லாரி ரசீதுப் புத்தகங்கள் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. எண்ணையே போட்டுவிடலாம், எண்ணும் வேலை செய்கிறதே என்றார். வேலை செய்தது. ஆனால் அந்த எண் எங்களுடையதில்லை, இணைய இணைப்புக் கொடுத்தவர்களுடையது. 2004இல் இணைப்பு நிறுவனத்தை மாற்றினோம். எண் போயிற்று. முகவர்களிடம் கட்டுக்கட்டாகக் கிடந்த எல்ஆர் புத்தகங்களில் ஒவ்வொரு தாளிலும் பழைய எண். ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஊர் ஊராக அனுப்பினோம். சிவகாசிக் கிளையில் ஒரு பையன் இரண்டு நாள் உட்கார்ந்து குத்திக் கட்டைவிரல் வீங்கிப்போய்விட்டான்.

வெளியாருக்குக் கொடுக்கும் முகவரி எப்போதும் பெயராகத்தான் இருக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கான பட்டியலில் பெயரும் எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும். பெயரைத் தேடித் தரும் கணினி ஒருநாள் படுத்துவிடும், அன்றைக்கு எண்தான் கை கொடுக்கும். பட்டியலில் தேதி போட வேண்டும். தேதியில்லாத பட்டியலை நான் கிழித்துப்போட்டிருக்கிறேன், அடித்தவர் முன்னாலேயே. முகவரி மாறினால் பழையதை உடனே மூடக் கூடாது. பழைய வீட்டு வாசலில் கொஞ்ச நாள் ஓர் ஆளை நிறுத்தி வைப்பது மாதிரி, வருகிறவர்களைப் புது இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

பத்திரிகைகள் முகவரி அச்சிட்ட விதத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வாக்கியம் முடிகிறது என்று முகவரியின் வாலில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளியும் சேர்ந்ததா இல்லையா என்று படிப்பவர் தவிப்பார். வரி போதாமல் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு முறிப்பார்கள். முகவரிக்குள்ளேயே கோடு வரக்கூடியது என்பதால் அது யாருடைய கோடு என்று தெரியாது. தமிழ் எழுத்துருவை மாற்ற மறந்து ஆங்கில முகவரியை அடித்ததால், அச்சில் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

2011 ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை வலை முகவரி எண்கள் ஏறக்குறையத் தீர்ந்துபோயின. மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். புது வகையான ஐபிவி6இல் முகவரி நீளம், பதினாறடிமானம், இலக்கங்களோடு எழுத்துகளும் கலந்து வரும். ஒரே முகவரியைப் பல விதமாகச் சுருக்கி எழுதலாம். சுழியங்களை விடலாம், விடாமலும் இருக்கலாம். பெரிய எழுத்தும் செல்லும், சிறிய எழுத்தும் செல்லும். கணினிக்கு எல்லாம் ஒன்றே. பட்டியலில் தேடும் மனிதனுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரு விதமாக எழுதி வைத்ததை இன்னொரு விதமாகத் தேடினால் கிடைக்காது.

ஜப்பானியர்கள் கவமுராவும் கவஷிமாவும் 2010 ஆகஸ்டில் எழுதிய 5952ஆம் குறிப்பை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதே விஷயத்துக்காக உலகின் இன்னொரு மூலையில் இரண்டு பேர் இவ்வளவு அக்கறைப்பட்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு ஒரே ஒரு வடிவம். முன்சுழியம் கூடாது. எழுத்துகள் சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும். பெரிய 'டி' சுழியம் மாதிரியும், பெரிய 'பி' எட்டு மாதிரியும் கண்ணுக்குத் தோன்றும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். முன்சுழியம் கூடாது என்ற வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 31.3.2000 என்று எழுதினேன்.

இப்போது முகவரியைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். 2010இல் இலங்கைக்கும், 2011இல் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்தந்த நாட்டின் பெயரே தமிழ் எழுத்தில் முகவரியின் கடைசிப் பகுதியாகக் கிடைத்தது. புள்ளி இலங்கை, புள்ளி இந்தியா, புள்ளி சிங்கப்பூர். அந்தச் செய்திகள் வந்தபோது நான் முதலில் நினைத்தது அந்தச் சீட்டைத்தான். ஊர்ப் பெயரே தமிழில் இருந்திருந்தால் புனே புனேயாகவே வந்திருக்கும். ஆனாலும் காது சிக்கல் விடாது. ல, ள, ழ மூன்றையும் போனில் பிரித்துச் சொல்ல வேண்டும். ன, ண இரண்டையும் ரெண்டு சுழி, மூணு சுழி என்று விளக்க வேண்டும். 'கௌ' என்று ஒரே எழுத்தாக அடிப்பதும், 'கெ'யும் 'ள'வுமாகச் சேர்த்து அடிப்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு. தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது அது விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறுவதையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 'க' என்ற ஓர் எழுத்து ஒன்பது குறிகளாகும். 'கி' பதினெட்டு. அதை அப்படியே அழைப்பிதழில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். படிப்பவர் அதை எப்படி அடிப்பார்?

நான் போடும் பட்டியலில் முதல் பத்தி எப்போதும் ஊர். பிறகு பெயர், பிறகு எண், அங்கே போனை எடுக்கக்கூடிய ஆள், கடைசியாகத் தேதி. இணையத்தைப் படித்தவர்கள் பலர் என்னிடம் ஊர் எதற்கு, பெயரே தனித்துவமானதுதானே என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வரிசையை எந்தக் குறிப்பிலிருந்தும் நான் எடுக்கவில்லை.

1998 பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த அம்மா மறுபடியும் பூத்துக்கு வந்தார். பையனுக்கு ஐதராபாத்தில் வேறு வேலை கிடைத்திருந்தது. பைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, நீவி, மேசைமேல் வைத்தார். முகவரியை இந்த முறையும் தமிழில்தான் எழுதியிருந்தார். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பக்கத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் ஏதாவது ஒரு பெயர் இருந்தது. மகனைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். தாளின் உச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் ஐதராபாத் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"மேல பாரு" என்றார்.